கிளட்ச் உள்ள பிக்கப்பில் படகை இழுக்க உங்கள் லைசென்ஸ் போதுமா? பிரிட்டன் விதிகள்

பிரிட்டனில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் கனமான டிரெய்லர் இழுக்கத் தனியாக ஒரு டெஸ்ட் பாஸ் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் 2021 டிசம்பர் 16-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து முழு கார் லைசென்ஸ் உள்ள எவரும் 3,500 கிலோ வரை அனுமதி எடை (சரக்கோடு சேர்த்து எட்டக்கூடிய அதிகபட்ச எடை) கொண்ட டிரெய்லரை இழுக்கலாம். படகு வாங்கியவர்களில் பலர் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, சரி, நமக்குப் பிரச்சினை இல்லை என்று நின்றுவிடுகிறார்கள்.

அந்த வரி ஓட்டுநரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உங்கள் பிக்கப் எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு கணக்கு. கிளட்ச் பெடல் உள்ள வண்டியை நீங்கள் ஓட்டலாமா என்பது இன்னொரு கணக்கு. மூன்றும் ஒத்துவந்தால்தான் படகை வாசலை விட்டு நகர்த்தலாம்.

லைசென்ஸ் என்ன சொல்கிறது

பழைய விதி இப்படி இருந்தது. 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள் 750 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடக் கனமான டிரெய்லர் என்றால், வண்டி, டிரெய்லர் இரண்டின் அனுமதி எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'பிஇ' என்ற தனி டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒரு நடுத்தர பிக்கப்பின் அனுமதி எடையே 3,000 கிலோவுக்கு மேல் வந்துவிடும் என்பதால், பிக்கப்பில் 750 கிலோவுக்கு மேற்பட்ட படகு டிரெய்லரை இழுக்க நினைத்தவர்களால் இந்த டெஸ்டிலிருந்து தப்பவே முடியவில்லை. 2021-இல் அந்த டெஸ்டையே எடுத்துவிட்டார்கள்.

1997-க்கு முன் பாஸ் செய்தவர்களுக்கு இதைவிடத் தாராளமான உரிமை. பெரும்பாலும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோ வரை ஓட்டலாம். அவர்களுக்கு 2021 மாற்றத்தால் புதிதாகக் கிடைத்தது அதிகமில்லை.

பலரும் கேட்கும் கேள்வி: "என் கார்டில் பிஇ என்று அச்சாகவில்லையே, இழுக்கலாமா?" இழுக்கலாம். உரிமை சட்டத்திலேயே வந்துவிட்டது. லைசென்ஸ் வழங்கும் டி.வி.எல்.ஏ அடுத்த முறை கார்டைப் புதுப்பிக்கும்போது அதை அச்சிட்டுத் தரும். இதற்காகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தவர்கள் கவனிக்க

கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க அட்டவணையின் கடைசிப் பத்தி 12 என்று எண்ணிடப்பட்டிருக்கும். கார்களுக்கான 'பி' பிரிவுக்கு நேராக அந்தப் பத்தியில் 78 என்று இருந்தால், நீங்கள் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டுமே ஓட்டலாம். 2021 தளர்வு இந்த 78-ஐத் தொடவில்லை. ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் 3,500 கிலோ டிரெய்லரை இழுக்க உரிமை உள்ள அதே நபர், கிளட்ச் உள்ள பிக்கப்பை டிரெய்லர் இல்லாமல்கூடத் தனியே ஓட்டக் கூடாது.

எது ஆட்டோமேட்டிக் என்பதைச் சட்டம் எளிதாகவே பிரிக்கிறது. ஓட்டுநர் இயக்க ஒரு கிளட்ச் பெடலோ நெம்புகோலோ இருந்தால் அது மேனுவல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றும் வசதி இருந்தாலும், கிளட்ச் இல்லையென்றால் அது ஆட்டோமேட்டிக்தான். டபுள் கிளட்ச் கியர்பாக்ஸும் மின்சார வண்டிகளும் இந்தப் பக்கம் சேரும்.

78 இருக்கும்போது நண்பரின் மேனுவல் பிக்கப்பை வாங்கிப் படகைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? லைசென்ஸுக்குப் புறம்பாக ஓட்டியதற்கு 1,000 பவுண்டு வரை அபராதமும் 3 முதல் 6 பெனால்டி பாயிண்டும். அதோடு முடிவதில்லை. வண்டிக்கேற்ற லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகளின் நிபந்தனை. ஆகவே இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமும் கூடச் சேரும். அதற்குக் குறைந்தது 6 பாயிண்ட். முதல் டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 6 பாயிண்ட் வந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி தியரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்கு இது ரொம்ப அதிக விலை.

78-ஐ நீக்குவது கஷ்டமான காரியமில்லை. மேனுவல் காரில் செய்முறை டெஸ்டை மட்டும் பாஸ் செய்தால் போதும். தியரி மறுபடி எழுத வேண்டியதில்லை. கட்டணம் வார நாட்களில் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75 பவுண்டு. தோற்றாலும் கையிலிருக்கும் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் போகாது. பழகும் காலத்தில் உங்கள் ஆட்டோமேட்டிக் லைசென்ஸே மேனுவலுக்குப் பயிற்சி லைசென்ஸாகச் செல்லும். பழகுநர் என்று காட்டும் எல் பலகை ஒட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 21 வயது நிரம்பி, மேனுவல் ஓட்டும் முழு லைசென்ஸை 3 ஆண்டுகளாவது வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ஆனால் பழகும்போதே படகையும் மாட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். டிரெய்லர் இழுக்க முழு லைசென்ஸ் தேவை.

வண்டியின் தகட்டைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையிலோ, இல்லையென்றால் பானெட்டுக்கு அடியிலோ ஒரு சிறு உலோகத் தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் மேலிருந்து கீழாக நான்கு எடைகள் இருக்கும். முதலாவது, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்த்து வண்டி மட்டும் எட்டக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டாவது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எட்டக்கூடிய எடை. மூன்றும் நான்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் இழுக்கக்கூடிய எடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, 6,000 - 3,200 = 2,800 கிலோ. உங்கள் லைசென்ஸ் 3,500 என்றாலும் இந்த வண்டிக்கு 2,800-தான் எல்லை. இரண்டாவது எண் இருக்கும் இடம் காலியாக இருந்தால் அந்த வண்டி இழுக்கவே ஆனதல்ல.

"பிக்கப்பின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அந்த எடையை டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளலாமே" என்ற வாதம் அடிக்கடி வரும். செல்லாது. டிரெய்லருக்கென்று உற்பத்தியாளர் கையேட்டில் தனி எல்லை போட்டிருப்பார். அதையும் மீறக் கூடாது, மொத்த எல்லையையும் மீறக் கூடாது. கையேட்டைத் திறக்கும்போது கியர்பாக்ஸ் பத்தியையும் பாருங்கள். ஒரே மாடலில் மேனுவலுக்கு ஓர் எண், ஆட்டோமேட்டிக்குக்கு வேறோர் எண் இருப்பது சகஜம்.

படகு விஷயத்தில் ஆட்கள் ஏமாறுவது வேறோர் இடத்தில். விளம்பரத் தாளில் 1,500 கிலோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் உடல் எடை. 250 கிலோ வெளி எஞ்சினைச் சேருங்கள். 150 லிட்டர் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 110 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், யாரோ உள்ளே மறந்து வைத்த சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 500. மொத்தம் 2,460 கிலோ. சந்தேகம் இருந்தால் பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவதே நல்லது. வழியில் நிறுத்திச் சோதிப்பவர்களும் கண்ணால் மதிப்பிடுவதில்லை, எடைமேடைக்குத்தான் அழைத்துப் போவார்கள்.

டிரெய்லரின் எடை இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கேரவன் கிளப்புகளின் பரிந்துரை, சட்டமல்ல. அனுபவம் குறைந்தவர்களுக்கு நல்ல பரிந்துரைதான்.

12 சதவீத ஏற்றமும் கிளட்சும்

இழுவை எல்லை எப்படி முடிவாகிறது என்று தெரிந்தால் அந்த எண்ணை மதிக்கத் தோன்றும். ஒரு மாடலை விற்கும் முன் சோதித்து அனுமதிக்கும் ஐரோப்பிய 'வகை ஒப்புதல்' விதிப்படி, முழு எடையில் உள்ள வண்டியும் டிரெய்லரும் 12 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் சாலையில், 5 நிமிடத்துக்குள் 5 முறை நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் காட்ட வேண்டும். மேனுவல் வண்டியில் இந்தச் சோதனையின் பாரம் பெரும்பாலும் கிளட்ச் தட்டின்மேல்தான் விழுகிறது.

படகு இறக்கும் சரிவுப் பாதைகள் பலவும் இந்த 12 சதவீதத்தை ஒட்டியோ அதைவிடச் செங்குத்தாகவோ இருக்கும். அதுவும் பாசி பிடித்து, ஈரமாக. பேப்பரில் எல்லைக்குள் இருக்கும் வண்டியே இங்கே திணறும். படகை ஏற்றிய பிறகு மேலேறும் முறை: ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, முதல் கியரில் வைத்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விடுங்கள். பானெட் ஒரு இழை உயர்ந்து பின்பக்கம் அமுங்கும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹேண்ட்பிரேக்கை விட்டுக் கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பாதிக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டபடி பின்னால் இருப்பவரோடு பேசுவதுதான் கிளட்சைத் தின்கிறது. கருகிய வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். நான்கு சக்கர இயக்கமும் லோ ரேஞ்சும் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு போக உதவும் கியர் நிலை) உள்ள பிக்கப் என்றால் இந்த இடத்தில் அதைப் போடத் தயங்க வேண்டாம், வழுக்கும் சரிவு அதற்கான இடம்தான். பின்னோக்கி இறக்கும்போதும் லோ ரேஞ்ச் ரிவர்ஸில் கிளட்சை அரைக்காமல் ஆமை வேகத்தில் போகலாம்.

இறங்கி வேலை பார்க்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்து, மேலேறும் முகமாக நிற்கும் வண்டியை முதல் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி விட்ட வண்டிகள் தண்ணீருக்குள் போயிருக்கின்றன.

டிரெய்லருக்கு உரியவை

சரக்கோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். வழியில் கொக்கி கழன்றுகொண்டால் அந்த பிரேக்கைத் தானாகப் போட்டுவிடும் பாதுகாப்புக் கம்பியும் வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எல்லை 750 கிலோ அல்லது இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. 1998 ஆகஸ்ட் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் மாட்டும் டோபார், அதாவது டிரெய்லரைக் கொளுவும் கம்பி, வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும்.

பின்னால் உங்கள் பிக்கப்பின் அதே நம்பர் பிளேட், சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான்கள், வேலை செய்யும் விளக்குகள் தேவை. படகு டிரெய்லர்களில் விளக்குப் பலகையைப் படகின் பின்முனையில் கட்டுவது வழக்கம். தண்ணீரில் இறக்கும் முன் அதைக் கழற்றிவிட மறக்காதீர்கள். டிரெய்லர் உங்கள் வண்டியைவிட அகலம் என்றால் நீட்டு கண்ணாடிகள் மாட்ட வேண்டும். சரியாகப் பின்னால் பார்க்க முடியாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் 3 பாயிண்டும் விழலாம்.

டிரெய்லரின் அகலம் 2.55 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே உட்கார்ந்த படகு எந்தப் பக்கமும் 305 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது, மொத்த அகலம் 2.9 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போகும் படகு என்றால் போலீஸுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது போன்ற தனி விதிகள் வரும். எஞ்சின் பின்னால் 1 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் வேண்டும், 2 மீட்டரைத் தாண்டினால் அதற்குரிய பலகை வேண்டும்.

வேகம்: நடுவே தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்தில் டிரெய்லரோடு போகக் கூடாது. இரவில் டிரெய்லரைச் சாலையோரத்தில் கழற்றி விட்டால் அதற்கு விளக்கு எரிய வேண்டும்.

3,500 கிலோவுக்கு உட்பட்ட சொந்தப் படகு டிரெய்லருக்குச் சாலை வரியோ ஆண்டுச் சோதனையோ கிடையாது. அதனால் டயர், பேரிங், பிரேக் எல்லாம் உங்கள் பொறுப்பில்தான். இன்சூரன்ஸும் அப்படியே. வண்டிப் பாலிசி பெரும்பாலும் டிரெய்லரால் மற்றவர்களுக்கு வரும் சேதத்தை மட்டுமே ஏற்கும், படகுக்குத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

படகைத் தொழிலுக்காக இழுப்பவர்களுக்கு இதோடு முடியாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் டேக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி), ஆபரேட்டர் லைசென்ஸ் (தொழிலுக்காகச் சரக்கு வண்டி இயக்கும் அனுமதி) விதிகளும் வரக்கூடும். சொந்த உபயோகத்துக்கு அவை இல்லை. இங்கே சொன்ன 2021 தளர்வு இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கானது. வட அயர்லாந்தில் லைசென்ஸ் விஷயத்துக்குத் தனிச் சட்டம், அதை அங்குள்ள அலுவலகத்தில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.