தேடும் நாளுக்காகப் பெயர் வையுங்கள்: போனில் கிடக்கும் ஆவணங்களும் பாதியில் நிற்கும் குறிக்கோள்களும்

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆவணத்தின் பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஐ.எம்.ஜி. அல்லது டி.ஓ.சி. என்று தொடங்கும். அடுத்து தேதி எட்டு இலக்கத்தில் இருக்கும். கடைசியில் டபிள்யூ.ஏ. 0003, 0007 என்று ஒரு வரிசை எண். அது அப்பாவின் இ.சி.ஜி.யா, வீட்டு வில்லங்கச் சான்றா, கல்யாண மண்டப ரசீதா என்று கண்டுபிடிக்க அந்தப் பெயரில் ஒரு தடயமும் கிடையாது. மூன்று வருடம் கழித்து வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, "அனுப்பினாங்களே, இதுலதான் எங்கேயோ இருக்கு" என்று திரையைத் தள்ளித் தள்ளித் தேடுகிறோம். ஆவணம் போனுக்குள்தான் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

ஒழுங்குபடுத்த உதவி கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த ஆப் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போனிலேயே இருக்கும் ஃபைல் மேனேஜர், காலண்டர், ஒரு நோட்ஸ் ஆப் ஆகிய மூன்றும் போதும். புது ஆப்புக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பாதித் தகவல் பழைய ஆப்பிலேயே தங்கிவிடும். பிறகு தேட வேண்டிய இடங்கள் இரண்டாகிவிடும்.

நான்கே ஃபோல்டர்கள் போதும். பழைய வீட்டின் அமைப்பை நினைத்துக்கொண்டால் வீட்டில் பெரியவர்களுக்கும் சட்டென்று புரியும். திண்ணை: வருவதெல்லாம் முதலில் இங்கே இறங்கும். கூடம்: முடிவுத் தேதி உள்ள, இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைகள். பீரோ: என்றைக்கும் தேவைப்படுபவை, அதாவது பத்திரம், பட்டா, காப்பீடு, மருத்துவம், படிப்பு, வரி. பரண்: முடிந்துபோனவை, தள்ளிவைத்தவை. பெயருக்கு முன்னால் 0, 1, 2, 3 என்று எண் போடுங்கள். பல கருவிகள் தமிழ்ப் பெயர்களை யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம்) எண் வரிசையில் அடுக்குகின்றன. அதில் ந-வுக்கு அடுத்து ன வரும், ச-வுக்கு அடுத்து ஜ வரும். நம் அகரவரிசைப்படி தேடும் கண்ணுக்கு அது குழப்பம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் மூன்று அடுக்கைத் தாண்டக் கூடாது. நான்காவது அடுக்கில் வைத்ததை வைத்தவரே மறந்துவிடுவார்.

இனி பெயர். உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். சேமிக்கும்போது தோன்றும் பெயர் உதவாது. தேடும் அன்று மனதில் வரப்போகும் சொல்லே பெயராக வேண்டும். தேதி, யாருடையது, என்ன என்ற மூன்று துண்டுகள் போதும்: 2025-03-12_அம்மா_சர்க்கரைப்பரிசோதனை. வருடம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 12-03-2025 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் தேதிகளும் ஒரே இடத்தில் கூடிவிடும். வருடம், மாதம், நாள் என்று எழுதினால் (ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமும் இதுதான்) பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். போட வேண்டியது ஆவணத்தில் அச்சாகியிருக்கும் தேதி. நீங்கள் ஸ்கேன் செய்த தேதி யாருக்கும் தேவைப்படாது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஃபைலின் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். மேலே உள்ள 'சர்க்கரைப்பரிசோதனை' கண்ணுக்கு 11 எழுத்து, கணினிக்கு 18 குறி, 54 பைட். விண்டோஸ் கணினியில் தயங்காமல் ஏற்றுக்கொண்ட நீண்ட தமிழ்ப் பெயர், போனுக்கு நகலெடுக்கும்போது பிழை காட்டுவது இதனால்தான். பெயர் முழுவதும் 40 எழுத்துக்குள் இருந்தால் தொல்லை இல்லை. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றை விண்டோஸ் அனுமதிக்காது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் தேடலில் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவே. யூனிகோடில் எந்தச் சொல்லைத் தேடினாலும் அவை அகப்படாது. முக்கியமான பழைய கோப்புகளையாவது யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். யூனிகோடிலேயே 'கொ' என்பது சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, சில தேடல் கருவிகளுக்கு அது வேறு சொல். இதைவிட அடிக்கடி நேர்வது நம் கைப்பிழை. ஒரு வருடம் 'இன்ஷூரன்ஸ்', அடுத்த வருடம் 'இன்சூரன்ஸ்', அதற்கடுத்து 'காப்பீடு' என்று வைத்துவிடுகிறோம். ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்து, பதினைந்து இருபது சொற்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

காகிதத்தை ஸ்கேன் செய்யும்போது 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். ஏ4 தாளுக்கு அது 2480 × 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, முத்திரையில் உள்ள சின்ன எழுத்து கரைந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். விண்ணப்ப இணையதளங்கள் பல சில நூறு கே.பி.க்கு மேல் ஏற்காது, தமிழ்ப் பெயரையும் மறுக்கும். அதற்கென்று ஆங்கிலப் பெயரில் சிறிய நகல் ஒன்றை அந்த வேலையின் ஃபோல்டரில் வையுங்கள், மூலத்தைச் சுருக்காதீர்கள். மத்திய அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் அரசுத் துறையே வழங்கிய ஆவணம் 2016-இல் வந்த விதிகளின்படி மூலத்துக்குச் சமம். அங்கே நாமே ஏற்றிய ஸ்கேனுக்கு அந்தத் தகுதி கிடையாது.

குறிக்கோள்கள் பெரும்பாலும் நோட்ஸ் ஆப்பில் தனியாகவும், அவற்றுக்கான தாள்கள் வேறெங்கோவும் கிடக்கின்றன. இரண்டையும் கூடத்தில் ஒரே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். மகளின் கல்லூரிச் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். ஃபோல்டரின் பெயர் 2026-05-20_கல்லூரிச்சேர்க்கை. இங்கே தேதி என்பது வேலை முடிந்திருக்க வேண்டிய நாள். உள்ளே முதலில் '00_அடுத்து' என்ற ஒரு சின்னக் குறிப்பு. அதில் இரண்டே வரிகள்: எது நடந்தால் இது முடிந்ததாகும், அடுத்து செய்ய வேண்டிய ஒரே காரியம் என்ன. "சான்றிதழ் எல்லாம் வாங்கணும்" என்று எழுதியிருந்தால் அந்த வேலை நகரவே நகராது. "வியாழக்கிழமை இ-சேவை மையம்: வருமானச் சான்றுக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு எடுத்துப் போக வேண்டும்" என்று எழுதினால் நகரும்.

முடிவுத் தேதியை மட்டும் குறித்து, தொடங்க வேண்டிய தேதியை விட்டுவிடுவதுதான் அதிகமானோர் தடுக்கி விழும் இடம். வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேசை மாறி வர வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் போன வருடம் வாங்கியது கைகொடுக்காமல் போகலாம். முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இதே போன்ற நடை உண்டு. கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு நினைவூட்டல் அடித்து என்ன பயன்? 60 நாள் முன்பு ஒன்று, 15 நாள் முன்பு ஒன்று என்று காலண்டரில் போடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் முன்னதாக, காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே போட வேண்டும். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி மீதம் கேட்கின்றன. கூடத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஃபோல்டருக்கு மேல் வேண்டாம். நான்காவது வந்தால் ஒன்றை முடியுங்கள், அல்லது தேதியைத் தள்ளிப் பரணில் ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் சான்றிதழ்கள் பீரோவுக்குப் போகட்டும், மற்றவை பரணுக்கு.

வாரம் ஒருநாள் இருபது நிமிடம் போதும். திண்ணையில் கிடப்பதற்குப் பெயர் வைத்து உள்ளே அனுப்புவது, கூடத்தில் ஒவ்வொன்றின் 'அடுத்து' வரியைப் புதுப்பிப்பது. திண்ணையில் நூறு சேர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் பெயரிட முயல வேண்டாம். கடைசி மூன்று மாதத்தை மட்டும் சரிசெய்து, மிச்சத்தை 'பழைய திண்ணை' என்று பரணில் போடுங்கள். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. "டிரைவ்ல இருக்கு, பயமில்லை" என்பார்கள். ஒத்திசைவு (இரண்டு இடத்திலும் ஒரே நிலையை வைத்திருப்பது) வேறு, காப்பு நகல் வேறு. டிரைவோடு ஒத்திசைந்த ஒரு ஃபோல்டரைப் போனில் குழந்தை அழித்தால் டிரைவிலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொது. அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்கை அந்த நிறுவனம் அழிக்கலாம். எனவே மூன்று நகல் வேண்டும்: போனில் ஒன்று, மேகத்தில் (டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில்) ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. டிஸ்க்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இணைத்து நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். பென்டிரைவை வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு நம்பாதீர்கள், மின்னூட்டம் கசிந்து தரவு கெட்டுப்போகலாம்.

கடைசியாக, எல்லாவற்றின் சாவியும் ஒரே போன் எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் போதிய இருப்பும் இல்லாத பிரீபெய்டு சிம் துண்டிக்கப்படலாம். அதோடு ஓ.டி.பி.யும் போய்விடும். கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கினால் ஓ.டி.பி. வராதபோது உள்ளே நுழைய எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றை அச்சிட்டு, போன் திறக்கும் எண், பாஸ்வேர்டு மேலாளரின் (எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் ஆப்) முதன்மைக் கடவுச்சொல், நான்கு ஃபோல்டர்களும் எங்கே இருக்கின்றன என்ற இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றோடு ஒரு உறையில் போட்டு ஒட்டி, நிஜ பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். உறை இருக்கும் இடம் கணவனுக்கும் மனைவிக்கும் தெரிய வேண்டும். வருடம் ஒருமுறை மற்றவர் கையில் போனைக் கொடுத்து, "வீட்டுப் பத்திரத்தை எடு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எடுக்க முடியவில்லை என்றால், அவர் முதலில் எந்தச் சொல்லைத் தட்டித் தேடினார் என்று கேட்டு, ஃபைலின் பெயரை அந்தச் சொல்லுக்கு மாற்றிவிடுங்கள்.