கோழிச் சளி 'பழகிப்போகும்' என்று விட்டுவிடலாமா?

குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் சளியைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்வது இதுதான்: "வருசா வருசம் வர்றதுதான், கோழிக்குப் பழகிப்போச்சு." கோழி பழகியிருக்கலாம். ஆனால் கோழி மாறும்போது கிருமியும் கூடவே மாறும். அந்த மாற்றம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கண்ணில் நுரை, மூக்கொழுகல், கண்ணுக்குக் கீழே வீக்கம், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டருகே நின்றால் கேட்கும் 'கர் கர்' மூச்சு. இவற்றுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியா. இது தரும் நோயைப் பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. (நாள்பட்ட சுவாச நோய்) என்பார்கள். கொண்டையிலும் இமையிலும் பொருக்கு இருந்தால் அது அம்மை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது காசைக் கரைக்கும் வேலை.

இந்தச் சளிக் கிருமியின் குணத்தை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது கோழியல்ல, அமெரிக்காவின் ஹவுஸ் ஃபின்ச் என்ற காட்டுக்குருவி. மேற்கு அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பறவையை, கூண்டுப்பறவை வியாபாரத்துக்காக நியூயார்க்குக்குக் கொண்டுபோய், 1940 வாக்கில் அங்கே திறந்துவிட்டார்கள். அதன் வம்சம் கிழக்கு மாநிலங்கள் முழுக்கப் பெருகியது. 1994-ல் வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் கண் வீங்கி, பார்வை மங்கிய குருவிகள் தென்பட்டன. சோதித்தால் கோழிச் சளிக் கிருமி! சில ஆண்டுகளில் நோய் கிழக்கு முழுவதும் பரவியது. பல இடங்களில் குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். நோயை ஆண்டுக்கணக்கில் சந்தித்திருந்த அலபாமா குருவிகளையும், அதை அறியாத அரிசோனா குருவிகளையும் எடுத்து, இரண்டுக்கும் ஒரே கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். அலபாமா குருவிகளின் உடலில் கிருமி அவ்வளவாகப் பெருகவில்லை. பன்னிரண்டே ஆண்டுகளில் பரம்பரையாக எதிர்ப்பு உருவாகிவிட்டது. 'பழகிப்போச்சு' கட்சிக்கு இது வெற்றிதானே என்று தோன்றும். ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில் சேகரித்து உறையவைத்த கிருமிகளை ஒப்பிட்டபோது, பிந்தைய கிருமிகளே கடுமையான நோயைக் கொடுத்தன. கண்டத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த கிருமி முதலில் சாதுவாக இருந்தது. அங்கேயும் போகப்போகக் கடுமை ஏறியது.

காரணம் அரைகுறை எதிர்ப்பு. ஒருமுறை நோய் வந்து தேறிய குருவிக்கு முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அதன் உடலில் சாதுவான கிருமி நுழைந்தால் பெருக முடியாமல் அடங்கிப்போகும். முரட்டுக் கிருமி மட்டும் அந்தத் தடுப்பை உடைத்துப் பெருகும். பெருகினாலும் தேறிய குருவி சட்டென்று சாவதில்லை; கண் வீக்கத்தோடு தீனித்தட்டுக்கு வந்து தேய்த்துவிட்டுப் போகும். பாதிப் பாதுகாப்புள்ள கூட்டத்தில் முரட்டுக் கிருமிக்குத்தான் ஆதாயம். 2018-ல் வெளியான ஆய்வு இதைச் சோதனையிலேயே காட்டியது. தடுப்பூசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். தேறிய கோழியைச் சுத்தமான கோழி என்று எண்ணக்கூடாது, அவ்வளவுதான். தேறியது பல மாதங்கள் கிருமியைச் சுமந்துகொண்டே மேயும்.

அந்தக் குருவி நம் ஊரில் இல்லை. ஆனால் தீனித்தட்டு இருக்கிறது. வேலூர் வெயிலில் மொட்டைமாடியில் தண்ணீரும் நொய்யும் வைப்பது நல்ல காரியம். அதே தட்டில் கோழியும் புறாவும் மைனாவும் வாய் வைப்பதுதான் கெட்டது. காட்டுப்பறவைக்கு வைப்பதைக் கோழிக்கு எட்டாத இடத்தில், ஒரே பெரிய தட்டாக இல்லாமல் சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எச்சத்தையும் பாசியையும் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். கழுவாமல் ஊறவைத்தால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு சேர்த்துவிட்டால் விஷவாயு வரும்.

வெயில் நமக்குத் துணை: 37 டிகிரியில் துணியில் ஒட்டிய இந்தக் கிருமி ஒரு நாளைக்கு மேல் தாங்காது, 20 டிகிரியில் மூன்று நாள் தாங்கும். ஆகவே மார்கழியில்தான் கூடுதல் கவனம் தேவை. முட்டை மஞ்சள்கருவுக்குள் மட்டும் கதை வேறு. அங்கே 37 டிகிரியிலும் 18 வாரம் உயிரோடு இருக்கும். சளி வந்த கோழியின் முட்டையை வேகவைத்துச் சாப்பிடலாம், இந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது. அடைக்கு மட்டும் வைக்காதீர்கள்.

மருந்துக் கடையில் பெனிசிலின், அமாக்சிசிலின் வாங்கி ஊற்றுவது வீண். அவை கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. டைலோசின், டையாமுலின் போன்றவை கேட்கும். ஆனால் மோனென்சின், சாலினோமைசின் கலந்த ரத்தக்கழிச்சல் தடுப்புத் தீவனம் போகும் கொட்டகையில் டையாமுலின் கொடுத்தால் கோழிகள் கால் விழுந்து சாகும். தீவன மூட்டையின் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மூன்றாம் நாள் கோழி தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். மருந்து நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை முட்டையையும் கறியையும் விற்காதீர்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடுவதுதான் இங்கே நோய் நுழையும் பெருவழி. தொற்றிய பிறகு அறிகுறி வெளியே தெரிய 6 முதல் 21 நாள் ஆகும். எனவே நான்கு வாரம் தனிக்கூண்டு, தனித்தட்டு; தீனி வைப்பது பழைய கோழிகளுக்கு முதலில், புதியவற்றுக்குக் கடைசியில். இருபது முப்பது கோழிக்கு மேல் வாங்குவதாக இருந்தால், சிலவற்றின் ரத்தத்தைக் கால்நடை நோய் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு துளியும் சாய ஆன்டிஜன் (சாயமேற்றிய கிருமிக் கரைசல்) ஒரு துளியும் கண்ணாடித் தட்டில் கலந்தால், ஓரிரு நிமிடத்தில் திரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்; திரிந்தால் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும்.