பேச்சு வராதவரின் பில்

சேலத்தில் சிறுதொழில் செய்வோருக்கு ஆலோசனை சொல்லும் எனக்கு, “நமக்குப் பேச்சு வராதுங்க, யாவாரம் எப்படிங்க ஓடும்?” என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரும் அப்படித்தான் வந்தார். சரளமாகப் பேசும் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துத் தாமும் அவ்வாறே பேசிப் பழகி, ஆறே மாதத்தில் மனம் சோர்ந்து போயிருந்தார்.

அவருடைய பலம் வேறிடத்தில் இருந்தது. சுத்த வெள்ளி மென்மையானது என்பதால் கொலுசு உறுதியாக இருக்கச் செம்பு சேர்க்கிறார்கள். பற்றவைப்பிலும் தரம் சற்றுக் குறையும். ஆகவே ஒரே எடையுள்ள இரண்டு கொலுசுகளின் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற அளவு, வெவ்வேறாக இருக்கலாம், அதைப் பார்வையால் அறிய முடியாது. 100 கிராம் கொலுசு 80 டச் என்றால் அதில் வெள்ளி 80 கிராம்தான். இந்தக் கணக்கை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் கேட்டவருக்கு மட்டும், தணிந்த குரலில் சொல்லி வந்தார். பேச வேண்டாம், எழுதிக் கொடுங்கள் என்றேன். எடை, டச், செய்கூலி, திரும்பக் கொண்டுவந்தால் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்ற நான்கையும் பில்லில் எழுதத் தொடங்கிய பிறகு, பேரம் பேசுவதற்கான தேவையே பெருமளவு குறைந்தது. முன்பு வாங்கியவர்கள் அந்தப் பில்லோடு உறவினரையும் அழைத்து வந்தார்கள்.

340 தொலைபேசி விற்பனையாளர்களைக் கொண்டு அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கலகலப்பானவர்களும் அல்லாமல் ஒதுங்கி இருப்பவர்களும் அல்லாமல் நடுவில் உள்ளவர்களே அதிக விற்பனை வருவாய் ஈட்டினார்கள். அமைதியானவரே சிறந்த வியாபாரி என்று இதைக் காட்டிச் சொல்ல முடியாது; பேச்சு கூடக்கூட விற்பனையும் கூடும் என்ற நம்பிக்கை மட்டும் பிழை என்று சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். தனிமையில் தெம்பு பெறுவது இயல்பு. வர வேண்டிய பாக்கியைக் கேட்கப் போகும்போதே நெஞ்சு படபடத்து, மாதக்கணக்கில் அதைத் தள்ளிப்போடுவது அச்சம். அது தொழிலை முடக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சமே வேண்டியதில்லை. பட்டறைக்காரருக்கு இருந்தது தயக்கம் மட்டுமே. பாக்கி தீர்க்கும் தேதியையும் இப்போது பில்லிலேயே எழுதிவிடுகிறார். அன்று காலை அந்தப் பில்லின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.