மாத்திரைக்கு அடங்கும் வயிற்று வலி

"வாய்வுத் தொல்லைதான் டாக்டர், மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறது." வயிற்று வலிக்காக என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. பெரும்பாலும் அவர்கள் கணிப்பு சரியாகவே இருக்கும். அஜீரணம் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அந்தப் பேச்சின் பின்பாதி. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பைப் புற்றுநோயின் வலியையும் தணிக்கும். புண்ணின் மேற்பரப்பு ஆறிவருவதுபோலக்கூடத் தெரியும், அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். வலி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே வலியைவிட மற்றவற்றைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். முக்கியமாக, சாப்பாட்டின் அளவு. வழக்கமாக உண்பதில் பாதிகூடப் போகாமல் வயிறு நிறைந்துவிடுகிறதா? இரைப்பையின் சுவர் விறைத்துவிட்டால் அது உணவுக்கு ஏற்ப விரியாது. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் அடைபட்டால் உண்டது இறங்காது. இதை யாரும் நோயாக எண்ணுவதில்லை, வயதானால் பசி குறையும் என்று விட்டுவிடுகிறார்கள். கூட வந்திருக்கும் மனைவியோ மகனோதான் "தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார்" என்று சொல்வார்கள். அவர்களைக் கேட்காமல் நான் விடுவதில்லை. உடைகள் தளர்ந்திருப்பதையும் அவர்களே முதலில் கவனிக்கிறார்கள். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

அடுத்தது இரத்தம். இரைப்பையில் கசியும் இரத்தம் செரித்து, மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்போடும் கடும் நாற்றத்தோடும் வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை உட்கொள்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கசிவு மிக மெதுவாக இருந்தால் நிறமே மாறாது; களைப்பும் மூச்சிரைப்பும் இரத்தசோகையும்தான் தெரியும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வந்தால், மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றுவதோடு நிறுத்தக் கூடாது. இரத்தம் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும்.

விழுங்கும்போது உணவு தடைபடுதல், ஓயாத வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு, மேல்வயிற்றிலோ இடது காறை எலும்புக்கு மேலேயோ கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வயதானாலும் தாமதிக்காமல் வாருங்கள். 60 வயதுக்குப் பிறகு முதல்முறையாக அஜீரணம் தொடங்கி நீடித்தாலும் அப்படியே. மற்றவர்கள், இரண்டு மூன்று வாரமாகியும் தொல்லை விடவில்லை என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரத்த வாந்தி எடுத்தாலோ, கறுப்பு மலத்தோடு தலைசுற்றல் வந்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

"ஸ்கேன் எடுத்துவிட்டேன், ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். வயிற்று அல்ட்ராசவுண்டில் இரைப்பையின் உட்புறச் சவ்வு சரியாகத் தெரியாது. ஆரம்பநிலைப் புற்றைக் காட்டுவது எண்டோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி இரைப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது. தொண்டையை மரத்துப்போகச் செய்துவிட்டுச் சில நிமிடங்களில் முடிக்கலாம். பயப்படுகிறவர்களுக்கு மயக்க ஊசியும் உண்டு. சோதனைக்காகச் சிறிது திசு எடுப்பதும் வலிக்காது. புண் இருந்தால், சிகிச்சைக்குப் பின் அது ஆறியதா என்று மறுபடியும் பார்க்கச் சொல்வோம். அந்த இரண்டாவது பரிசோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். 1994-இலேயே புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய கிருமி இது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் ஒழிக்கலாம். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.