அளக்காமல் வைத்த கையெழுத்து: எண்ணெய்க் கப்பலும் எங்கள் கரையும்

பிள்ளை எண்ணெய்க் கப்பலில் ஏறப் போகிறான் என்றால் வல்வெட்டித்துறையிலும் சரி, ஊர்காவற்றுறையிலும் சரி, வீட்டில் முதலில் எழுகிற பயம் கடற்கொள்ளையர்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அதைவிடப் பக்கத்தில், ஒவ்வொரு நாளும் காலடியிலேயே இருக்கிற ஆபத்து வேறு. காற்றை அளக்காமல் தாங்கிக்குள் இறங்குவதும், வால்வைப் போய்ப் பார்க்காமல் செக்லிஸ்டில் கையெழுத்து வைப்பதும்தான் அது. எண்ணெய்க் கப்பல் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. தாள் முழுவதும் சரி என்று நிரப்பியிருக்கும், அளவுக்கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

தாங்கி தீப்பிடிக்க எண்ணெய் ஆவி, ஒட்சிசன், பொறி மூன்றும் சேர வேண்டும். பொறியை முற்றாக ஒழிக்க வழியில்லை. குழாயில் ஓடும் எண்ணெயே நிலைமின்னை உண்டாக்கும். நைலோன் கயிற்றில் அளவுகோலை இறக்கினால் அங்கேயும் மின்னேற்றம் சேரும். ஆகவே ஒட்சிசனைக் குறைக்கிறார்கள். கொதிகலன் புகையைக் கடல்நீரால் கழுவி, குளிரவைத்து, தாங்கிக்குள் அனுப்புவதைத்தான் கப்பலில் இனேட் காஸ் என்கிறோம். எண்ணெய் ஆவி காற்றில் ஏறத்தாழ 1 முதல் 10 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் எரியும். ஒட்சிசன் 11 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எவ்வளவு ஆவி இருந்தாலும் எரியாது. அதிலும் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு, தாங்கிக்குள் 8 சதவீதத்தையும் அனுப்பும் குழாயில் 5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

தாங்கியைத் துப்புரவாக்கி ஆள் இறங்க ஆயத்தம் செய்யும்போதுதான் வரிசை முக்கியம். கழுவி முடிந்ததும் நேரே புதுக்காற்றை ஊதினால், ஆவி மெல்லக் குறைந்து வரும் அதே வேளையில் ஒட்சிசன் ஏறும். இரண்டும் எரியும் எல்லைக்குள் சந்திக்கும் நேரம் ஒன்று வரும். அதைத் தவிர்க்க, முதலில் இனேட் காஸையே தொடர்ந்து செலுத்தி ஆவியை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் காற்று. இந்தக் கட்டத்தில் நேரத்தை மிச்சம் பிடிப்பவர், தெரியாமலே வெடிக்கும் கலவை ஒன்றைத் தயாரித்துக் கொண்டிருக்கிறார்.

அளவுக்கருவியிலும் ஒரு கண்ணி உண்டு. ஆவி எரியத் தொடங்கும் ஆகக் குறைந்த அளவில், அதாவது கீழெல்லையில், எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும் வழமையான கருவி, தனக்குள் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க அதற்கும் ஒட்சிசன் வேண்டும். இனேட் காஸ் நிறைந்த தாங்கிக்குள் அதை விட்டால், ஆவி நிறைய இருந்தாலும் பூச்சியத்தைக் காட்டலாம். "பூச்சியம்தானே" என்று நம்பி ஒரு பொடியன் மூடியைத் திறப்பான். ஒட்சிசன் குறைந்த இடத்துக்கென்று செய்த கருவி வேறு. எந்தக் கருவியானாலும் பயன்படுத்த முன் அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும், உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இறங்குவதற்குத் தேவையான அளவுகள்: ஒட்சிசன் 21 சதவீதம், எரியும் ஆவி கீழெல்லையின் 1 சதவீதத்துக்குக் குறைவு, ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு 5 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 5 பங்கு) குறைவு. மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று மட்டத்திலும், முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வாசலாலும் எடுக்க வேண்டும். எண்ணெய் ஆவி காற்றைவிடப் பாரமானது. வாசலடியில் நல்ல காற்று இருப்பது அடியில் இருப்பதற்குச் சாட்சியாகாது. வாசலில் ஒருவர் சுவாசக் கருவியோடும் வானொலியோடும் அசையாமல் நிற்க வேண்டும். இறங்க அனுமதிக்கும் தாளான பேர்மிட்டில் பெயர் இருக்கிற அந்த ஆளை "கொஞ்சம் வந்து இதைப் பிடி" என்று வேறு வேலைக்குக் கூப்பிட்டால் பேர்மிட் அப்போதே செத்துவிட்டது. எண்ணெயே இல்லாத இடங்களும் கொல்லும். கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் பலாஸ்ட் தாங்கி நீண்ட நாள் பூட்டிக் கிடந்தால் அதிலும், நங்கூரச் சங்கிலி அறையிலும் இரும்பு துருப்பிடித்துப் பிடித்தே ஒட்சிசனைத் தின்றுவிடும். மணம் இராது, எரிச்சல் இராது. ஏணியின் பாதியில் முழங்கால் மடியும்.

அதைப் பார்த்து மற்றவர் ஓடி இறங்குவார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள், ஏனென்றால் ஒரு சாவு இரண்டாகவும் மூன்றாகவும் ஆவது இப்படித்தான். விழுந்து கிடப்பவன் கூட்டாளி, கண்முன்னே கிடக்கிறான், எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அப்படி நிற்கத்தான் பயிற்சி வேண்டும். எச்சரிக்கை மணியை அடி, ஆட்களைக் கூப்பிடு, சுவாசக் கருவியைப் போட்ட பிறகே இறங்கு. மூடிய இடத்து மீட்புப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று 2015 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் விதி சொல்கிறது. ஸ்ட்ரெச்சரை வெளியே எடுத்து வைத்துப் படம் பிடிப்பதோடு முடிகிற பயிற்சி யாரையும் மேலே தூக்காது.

ஐதரசன் சல்பைட்டு பற்றி ஒரு வார்த்தை. கூழ்முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்து நாற்றமே நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று நினைப்பவர்தான் விழுகிறார்.

எண்ணெய் கடலில் சிந்துவது பல வேளைகளில் புயலில் அல்ல, துறைமுகத்தில் அமைதியாக ஏற்றும்போது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 6,000 கன மீற்றர் வேகத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு 100 கன மீற்றர். அதாவது பத்தாயிரம் லீற்றர் தண்ணீர் பவுசர் பத்து, ஒரே நிமிடத்தில். தாங்கியை 98 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. 95இல் ஒரு அலாரம், 98இல் இன்னொன்று அடிக்கும். பழுதான அலாரத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஏற்றுகிற கப்பல்களில்தான் எண்ணெய் தளத்துக்கு வருகிறது. இரண்டு மூன்று தாங்கிகள் ஒரே நேரத்தில் நிரம்பும்படி திட்டம் போடுவதும், காவல் மாறும் நேரத்தில் கடைசி நிரப்புதலை வைத்துக்கொள்வதும் அடுத்த காரணங்கள். அவசரத்தில் கப்பல் வால்வைச் சட்டென்று மூடுவது அதைவிடக் கெட்டது. ஓடிவரும் எண்ணெய் முட்டி, அழுத்தம் பின்னால் அடித்து, குழாயே வெடிக்கும். முதலில் கரையில் உள்ள பம்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏற்றத் தொடங்கும்போதும் தாங்கியின் அடிவாய் எண்ணெயால் மூடப்படும்வரை செக்கனுக்கு 1 மீற்றருக்கு மேல் வேகம் கூடாது, நிலைமின் காரணமாக.

தளத்தில் மழைநீர் ஓடும் ஸ்கப்பர் துவாரங்களை ஏற்றும்போது அடைத்து வைப்பார்கள். மழை பெய்து நீர் தேங்கினால், எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்து, ஒன்றை மட்டும் திறந்து, பக்கத்திலேயே நின்று, வடிந்ததும் அடைக்க வேண்டும். திறந்துவிட்டுத் தேநீருக்குப் போனவரின் மறதி கடலுக்குள் போன சம்பவங்கள் நிறைய. அடைப்பான் ஒரு சிறு பொருள்தான். அது இருந்தால் சிந்தியது தளத்துச் சம்பவம், இல்லாவிட்டால் கடல் மாசு வழக்கு.

வேண்டுமென்று ஊற்றுவது வேறு கதை. கப்பல்கள் கடலை மாசாக்குவதைத் தடுக்கும் மார்போல் விதிப்படி, தாங்கி கழுவிய நீரைக் கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போது, மைலுக்கு 30 லீற்றர் எண்ணெய்க்கு மேற்படாமல், கண்காணிப்புக் கருவி வழியாக மட்டுமே விடலாம். எஞ்சின் அறைக் கழிவுநீருக்கு எல்லை 15 பிபிஎம். கருவியைச் சுற்றி இரகசியக் குழாய் போட்டு ஊற்றிவிட்டு எண்ணெய்ப் பதிவேட்டில் பொய் எழுதினால், அமெரிக்க நீதிமன்றங்கள் எஞ்சினியரையே தண்டித்திருக்கின்றன. கையெழுத்து யாருடையதோ வழக்கும் அவருடையது.

இனிக் கொள்ளையர். 2017 மார்ச் 13 அன்று ஏரிஸ் 13 என்ற சிறு எண்ணெய்க் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் கடத்தப்பட்டது. ஜிபூட்டியிலிருந்து மொகடிசுவுக்குப் போன அதில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். சில நாட்களில், பணயப்பணம் இல்லாமலே விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கப்பல் மெதுவாக ஓடியது, தளம் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தது, சொகோத்ரா தீவுக்கும் கரைக்கும் இடையிலான குறுக்குப் பாதையை எடுத்திருந்தது. ஏணி போட்டு ஏற வருபவருக்கு இதைவிட வசதி வேண்டாம். 18 நொட்டுக்கு (மணிக்கு 18 கடல் மைல்) மேல் ஓடும் கப்பலில் ஏறியதாகப் பதிவு இல்லை என்று கப்பற்றுறையின் வழிகாட்டி நூல் சொல்லி வந்தது. நிறை சுமையோடு போகும் எண்ணெய்க் கப்பல் 12, 14 நொட்டுத்தான் போகும். ஆகவே முள்வளையக் கம்பி, தண்ணீர்ப் பீரங்கி, இரட்டைக் காவல், பிரித்தானியக் கடற்படையின் யுகேஎம்ரிஓ நிலையத்துக்கு முன்கூட்டிய அறிவிப்பு எல்லாம் சேர்ந்துதான் நேரத்தை வாங்கித் தரும்.

வாங்கிய நேரம் சிற்றடல் எனப்படும் பூட்டிய பாதுகாப்பறைக்குள் எல்லோரும் போவதற்கு. 2025 நவம்பரில் சோமாலியாவுக்கு அப்பால் ஹெலாஸ் அப்ரோடைற் என்ற எண்ணெய்க் கப்பலில் ஆயுததாரிகள் ஏறியபோது 24 பேரும் உள்ளே பூட்டிக்கொண்டார்கள். மறுநாள் ஐரோப்பியக் கடற்படை வந்தது, ஒருவருக்கும் காயமில்லை. அந்த அறைக்குள் இரு வழி செய்மதித் தொலைபேசி வேண்டும், அதன் அன்ரனா கொள்ளையர் கைக்கு எட்டாத இடத்தில் வேண்டும், மூன்று நாளுக்குத் தண்ணீரும் உணவும் மருந்தும் வேண்டும். வெளியே ஒரே ஒருவர் தங்கிவிட்டாலும் படை ஏறாது. ஆளெண்ணிக்கை எடுக்காமல் கதவைப் பூட்டுவது அந்த ஒருவரைப் பணயமாகக் கொடுப்பது.

மேற்கு ஆபிரிக்காவின் கினி வளைகுடாவில் கப்பலைவிட ஆட்களையே குறிவைக்கிறார்கள். 2020இல் உலகெங்கும் கடத்தப்பட்ட 135 மாலுமிகளில் 130 பேர் அங்கே பிடிபட்டவர்கள். கொள்ளையரிடமிருந்து தப்பியவருக்கும் தொல்லை வரும். 2022 ஓகஸ்டில் நைஜீரியாவுக்கு அப்பால் இரவில் அணுகிய அடையாளம் தெரியாத படகைக் கொள்ளையர் என்று கருதி விலகி ஓடிய ஹீரோயிக் ஐடன் கப்பலின் ஆட்கள், 2023 மே வரை தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களுள் எட்டுப் பேர் இலங்கையர். இப்படிப்பட்ட வேளையில் குடும்பத்துக்கு உதவுவது நல்ல நிறுவனமும் உண்மையான காப்புறுதியும்தான்.

அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். பெயரும் கொடியும் மாறலாம், அந்த எண் மாறாது. ஈக்குவாசிஸ் இணையத்தளத்தில் அதை இட்டால் வயது, உரிமையாளர், எந்தத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். பழைய கப்பல், அடிக்கடி மாறும் கொடி, கேள்விப்படாத காப்புறுதி என்றால், தடைகளுக்குத் தப்பி இடங்காட்டியை அணைத்து ஓடும் நிழற்கப்பலாக இருக்கலாம். மாலுமியிடம் வேலைக்காக முகவர் பணம் வாங்குவதைக் சர்வதேச கடல்சார் தொழிலாளர் சாசனம் தடை செய்கிறது. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகச் செலவு மட்டுமே உங்களுடையது. காணி ஈடு வைத்து லட்சங்கள் கட்டிப் போன பிள்ளை, ஆபத்தைக் கண்டாலும் "இறங்க மாட்டேன்" என்று சொல்ல முடியாத நிலையில் நிற்கிறான்.

இங்கே கரையில் இருப்பவர்களுக்கு இது எப்படி வரும்? பாக்கு நீரிணை ஆழமில்லாதது, பெரிய எண்ணெய்க் கப்பல் வராது. சென்னைக்கும் பரதீப்புக்கும் போவன தெற்கே தெவுந்தரை முனையைச் சுற்றிக் கிழக்குக் கரையோரமாக மேலே ஏறுகின்றன. 2020 செப்ரெம்பர் 3 அன்று சங்கமன்கண்டிக்கு அப்பால் எஞ்சின் அறை வெடித்துத் தீப்பிடித்த நியூ டயமண்ட் அப்படிப் பரதீப்புக்குப் போன கப்பல்தான். ஒருவர் இறந்தார். சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்த தாங்கிகள் உடையவில்லை. 1989இல் அலாஸ்காவை நாசமாக்கிய எக்சன் வால்டெஸ் கப்பல் சிந்தியது ஏறத்தாழ 37,000 தொன்.

எண்ணெய்ப் படலம் நீரோட்டத்தோடும், காற்று வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீதத்தோடும் நகரும். வாடைக்காற்று 20 நொட்டு என்றால் படலம் 0.6 நொட்டு. பருத்தித்துறைக்கு வடகிழக்கே 60 கடல் மைலில் சிந்தினால் காற்று மட்டுமே ஏறத்தாழ நான்கு நாளில் கரைக்குக் கொண்டுவரும். மாரியில் கிழக்குக் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். போகும் வழியில் தாளையடி இருக்கிறது. கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்க 2024இல் திறந்த நிலையம் அங்கே இருக்கிறது. உப்பைப் பிரிக்கும் அதன் மென்சவ்வில் எண்ணெய் படிந்தால் கழுவி எடுப்பது கடினம், உள்ளெடுப்பை நிறுத்துவதுதான் வழி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட ஊருக்கு இதன் கனம் தெரியும். தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள் களப்பைக் காக்கலாம், ஆனால் வெள்ளம் வடியத் திறந்திருக்கும் மாரியில்தான் வாடையும் எண்ணெயைக் கொண்டுவரும். யார், எத்தனை மணி நேரத்தில் எதை மூடுவது என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மிதவைத் தடுப்பும் 0.7 நொட்டுக்கு மேற்பட்ட ஓட்டத்தை நேரே எதிர்த்தால் எண்ணெயை அடியால் விட்டுவிடும், சாய்வாகப் போட வேண்டும்.

கரையில் ஒதுங்கியதை மண்ணில் புதைக்காதீர்கள், சவர்க்காரத் திரவம் ஊற்றாதீர்கள். ஆழமில்லாத களப்பில் எண்ணெயைச் சிதறடிக்கும் கரைப்பான் தெளித்தால் எண்ணெய் கடற்புல்லுக்கும் கடலட்டைக்கும் நண்டுக்கும் இறங்கிவிடும். மண்வெட்டியால் மேற்படையை மட்டும் அள்ளிச் சாக்கில் கட்ட வேண்டும். தோலில் பட்டால் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துச் சோப்புப் போடலாம், மண்ணெண்ணெய் வேண்டாம்.

இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. எண்ணெய்க் கப்பலின் சரக்கெண்ணெய் சிந்தினால் 1992ஆம் ஆண்டின் சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியத்தில் இலங்கை உறுப்பு நாடாகக் கோரலாம். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல் என்பதால் அதற்கு இது பொருந்தவில்லை. கோரிக்கையைச் சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும். அங்கே கேட்பார்கள்: முன்னர் எவ்வளவு பிடித்தீர்கள்? களங்கண்டி வலையில் நாளுக்கு எத்தனை கிலோ இறால், எந்த விலைக்கு, யாருக்கு? மீன் வாங்கும் கூலர்காரர் தரும் துண்டுகளை எறியாமல் திகதி வாரியாக ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கலாம். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் மாதம் ஒருமுறை தன் கரையை, கடற்புல் படுகையை, கண்டல் ஓரத்தை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, திகதியோடு சேர்த்து வைக்கலாம். எண்ணெய் வந்த பிறகு எடுக்கிற படம், முன்னர் அங்கே என்ன இருந்தது என்று காட்டாது.