36 சீட்டுக் கட்டில் 52 சீட்டுப் பழக்கம்: ஷார்ட் டெக் சால்வரில் நடக்கும் தவறுகள்

முன்னூற்றி நாலு ஆடிப் பழகிய கைகளுக்குக் கட்டைக் குறைத்து ஆடுவது புதிதில்லை. 6 வரை எல்லாவற்றையும் உருவி ஓரமாக வைத்துவிட்டு 32 சீட்டோடு உட்காருவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று மதிப்பே இடம் மாறிவிடும். அந்தக் கட்டில் யாரும் ரம்மிக் கணக்குப் போடுவதில்லை. ஷார்ட் டெக் போக்கரில் மட்டும் ஏனோ அதைத்தான் செய்கிறார்கள். 2 முதல் 5 வரை நீக்கிய 36 சீட்டு ஆட்டத்தை 52 சீட்டு மூளையோடு ஆடிவிட்டு, தோற்றதும் சால்வரை, அதாவது ஒரு கையை எப்படி ஆடுவது சரி என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருளைத் திறக்கிறார்கள். சால்வரில் எண்களைத் தட்டுவதும் அதே மூளைதான்.

காசு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டத்தில் அவற்றுக்கிருந்த தடையை நீக்கியது. அதைக் காட்டி இன்னமும் வாதாடுபவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றிய அரசின் சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை; பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்கிறது. விபிஎன் போட்டு வா என்று கூப்பிடும் வெளிநாட்டுத் தளத்தில் குறுவை நெல் போட்ட பணம் மாட்டிக்கொண்டால், எந்த வாசலில் போய் நின்று கேட்பது? இங்கே எழுதுவது காசில்லாத ஆட்டத்துக்கும் படிப்புக்கும்தான். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் சால்வரை ஒரு கணக்குப் புதிராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்.

ஒரே ஒரு கையை நிதானமாகப் பார்ப்போம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). உங்களிடம் இரண்டு ஏஸ், ஹார்ட்டினும் கிளாவரும். எதிராளியிடம் ஹார்ட்டின் ஜாக், கிளாவர் 10. ஃபிளாப்பில் இஸ்பேட் ஜாக், இஸ்பேட் 9, டைமன் 8. முழுக் கட்டில் உங்கள் ஏஸ் ஜோடிக்கு வெற்றி வாய்ப்பு 54.1 சதவீதம் (இருவரும் சமமாகப் பிரிப்பதைப் பாதி வெற்றியாக எண்ணி). ஷார்ட் டெக்கில் 39.4தான். சீட்டு ஒன்றுகூட மாறவில்லை. கட்டு மட்டும்தான் மாறியிருக்கிறது. எதிராளிக்கு உதவும் சீட்டுகள் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றேதான்: ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) நான்கு ராணி, நான்கு ஏழு, மூன்று சேர இரண்டு ஜாக், இரண்டு ஜோடிக்கு மூன்று 10. ஆக 13. முழுக் கட்டில் மீதமுள்ள 45 சீட்டில் 13, இங்கே 29 சீட்டில் 13. உங்களைக் காப்பாற்றிவந்த 2, 3, 4, 5 என்ற பதினாறு வெற்றுச் சீட்டுகளும் கட்டிலேயே இல்லை.

முழுக் கட்டில் பழகியவர் இந்த ஃபிளாப்பில் ஏஸ் ஜோடியைப் பிடித்துக்கொண்டு மூன்று தெருவும் (ஃபிளாப், டர்ன், ரிவர்) பெட் அடிப்பார். ஷார்ட் டெக்கில் ஒற்றை ஜோடி என்பது நாற்று மாதிரி. வேர் பிடிக்குமுன் தண்ணீர் ஏறினால் மிதந்துவிடும். இதே ஃபிளாப்பில் இப்போதே ஸ்ட்ரெய்ட் வைத்திருக்கக்கூடிய கைகள் (ராணி–10, 10–7) 32. முழுக் கட்டில் சாத்தியமான 1,176 கைகளில் அது 2.7 சதவீதம், இங்கே 528இல் 6.1 சதவீதம்.

மற்ற எண்களை வேகமாகச் சொல்லிவிடலாம். இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிரா (இன்னும் ஒரு சீட்டு சேர்ந்தால் முடியும் கை) ஃபிளாப்பிலிருந்து ரிவருக்குள் சேர 45.6 சதவீதம் (முழுக் கட்டில் 31.5). நடுவில் ஓட்டை விழுந்த டிரா 24.5. கையில் ஜோடி இருந்து ஃபிளாப்பில் மூன்றாவது விழ 17.1, முழுக் கட்டில் 11.8. ஃபிளஷ் (ஒரே நிறத்தில் ஐந்து சீட்டு; நிறம் என்றால் இஸ்பேட், ஹார்ட்டின் போன்ற வகை) டிரா மட்டும் எதிர்ப் பக்கம் போகிறது. ஒரு நிறத்துக்கு 9 சீட்டே இருப்பதால் மிச்சம் 5 அவுட் (கையை முடித்துக் கொடுக்கும் சீட்டு), 30.1 சதவீதம், முழுக் கட்டில் 35. அதனால்தான் இங்கே ஃபிளஷ் ஃபுல் ஹவுஸை (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்) வெல்கிறது. மனக்கணக்குக்கு 2, 4 என்று பெருக்கியதை விட்டுவிட்டு ஒரு சீட்டுக்கு 3, இரண்டு சீட்டுக்கு 6 என்று பெருக்குங்கள். எட்டு அவுட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மேசையில் அது போதும்.

இனி சால்வர். தவறான பதில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் திரையிலேயே இருக்கும்.

முதலாவது, கை வரிசை. மூன்று ஒரே சீட்டு பெரிதா, ஸ்ட்ரெய்ட் பெரிதா என்பதில் இரண்டு விதி புழக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கையிலேயே ஸ்ட்ரெய்ட் பெரிது என்றால் எதிராளிக்கு 60.6 சதவீதம், மூன்று பெரிது என்றால் 56.7. நான்கு சதவீத வித்தியாசம் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்) பெரிதாகும் இடத்தில் ஃபோல்டை (கையைப் போட்டு விலகுவதை) ‘கால்’ (அதே அளவு போட்டுத் தொடர்வது) ஆக்கிவிடும். மென்பொருள் எந்த விதியில் ஓடுகிறது என்று நம்பிக்கையின் பேரில் விடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். நிறம் சேராத ஏஸ்–ஜாக்–9–8–6 ரிவரில் ஒருவருக்கு ஏஸ் ஜோடி, மற்றவருக்கு ராணி–10 மட்டும் கொடுங்கள். யாருக்கு நூறு சதவீதம் காட்டுகிறது? அடுத்து 6–7–8–ராணி–ராஜா போர்டில் ஏஸ்–9க்கு எதிராக ராஜா–ராணி. ஏஸ் இங்கே 5இன் இடத்தில் உட்காரும், ஏஸ்–6–7–8–9 ஸ்ட்ரெய்ட். அதை மென்பொருள் ஸ்ட்ரெய்ட்டாக எண்ணவில்லை என்றால் முழுக் கட்டுப் பயன்முறையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். திறந்த மூல மென்பொருளான டெக்ஸஸ்சால்வரில் ஷார்ட் டெக்குக்குத் தனிப் பயன்முறை உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு இரவெல்லாம் ஓட விடுபவர்கள் அதிகம்.

இரண்டாவது, பாட் அளவு. இங்கே சின்ன பிளைண்டு, பெரிய பிளைண்டு (இருவர் மட்டும் முன்கூட்டிப் போடும் தொகை) கிடையாது. எல்லோரும் ஒரு ஆன்ட்டி (முன்தொகை), பட்டன் (கடைசியாக ஆடுபவர்) கூடுதலாக இன்னொன்று. ஆறு பேர், ஆளுக்கு ஸ்டாக் (கையிருப்பு) 100 ஆன்ட்டி என்று வையுங்கள். ஒருவர் லிம்ப் செய்ய (ஏற்றாமல் குறைந்தபட்சம் போட்டு நுழைய), பட்டன் 8க்கு ஏற்ற, அவர் கால் செய்கிறார். ஃபிளாப்பில் பாட் 6 + 8 + 8 = 22, மிச்ச ஸ்டாக் 91; பாட்டைப் போல 4.1 மடங்கு. இதையே பிளைண்டுப் பழக்கத்தில் 17.5 பாட், 92 ஸ்டாக் என்று போட்டால் 5.3 மடங்காகி, சால்வர் அதிகம் பயந்து ஆடும். அதன் கணக்கு சரிதான். கேட்ட கேள்விதான் வேறு.

மூன்றாவது, ரேஞ்ச், அதாவது ஒருவர் அந்த இடத்தில் வைத்திருக்கக்கூடிய கைகளின் தொகுப்பு. ஃபிளாப்புக்குப் பிந்தைய சால்வருக்கு முன்னால் நடந்தது தெரியாது. நீங்கள் ஊட்டுவதைத்தான் தின்னும். முழுக் கட்டு ஹோல்டெமில் ஓபன் ரெய்ஸ் (முதல் ஆளாக ஏற்றி நுழையும்) ரேஞ்சை எடுத்து ஒட்டாதீர்கள். ஷார்ட் டெக்கில் லிம்ப்தான் முதுகெலும்பு, பலமான கைகளும் அதற்குள் ஒளிந்திருக்கும். லிம்ப் ரேஞ்சில் ஏஸ் ஜோடியையும் ஏஸ்–ராஜாவையும் முழுக்க நீக்கிவிட்டால், எதிராளி எந்நேரமும் பலவீனம் என்று சால்வர் முடிவு கட்டி, கண்டபடி பெட் அடிக்கச் சொல்லும்.

பெட் அளவுகளில் பேராசை வேண்டாம். ஃபிளாப்புக்குப் பாட்டில் 33, 75 சதவீதம், டர்னுக்கு ஒன்று, ரிவருக்கு ஒன்று, ஆல்-இன் (இருப்பது முழுவதும்). அளவு ஒன்று கூடினால் கிளை பிரியும் கணக்கு மரம் பல மடங்காகும், நினைவகம் நிரம்பும், பாதியில் நின்றுவிடும். நல்ல வேளையாக, ஃபிளாப்புக்கு மேல் வரும் டர்ன்–ரிவர் பாதைகள் இங்கே 33 × 32 = 1,056தான்; முழுக் கட்டில் 2,352. பிழை அளவு பாட்டில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை ஓடட்டும். 2 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, வந்த வினோதமான பெட்டை ‘புதுக் கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸாப்பில் போடுவது வேடிக்கை.

வாசிக்கும்போது கையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் முழு ரேஞ்ச் எத்தனை சதவீதம் பெட், எந்த அளவு. பிறகு இந்த ஃபிளாப் யாருக்கு இனிக்கிறது. அதன்பின் வகைகள்: ஒற்றை ஜோடி, ஜோடியோடு டிரா, வெறும் டிரா. கடைசியில்தான் தனிக் கை. ஒரே கைக்கு 60 சதவீதம் பெட், 40 சதவீதம் செக் (பெட் கட்டாமல் விடுவது) என்று வந்தால் பலர் குழம்புகிறார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவதைப் போலத்தான் இதுவும். உங்கள் வயலுக்கு இன்று வந்தாலும் நாளை வந்தாலும் பயிருக்கு ஒன்றுதான். எல்லா மடையையும் ஒரே நாளில் திறந்தால் கடைமடை காயும். அந்தக் கைக்கு இரண்டு வழியிலும் சராசரி வரவு ஒன்றே. எல்லாவற்றையும் பெட்டில் தள்ளினால் செக் செய்யும் பக்கம் காய்ந்து போகும், எதிராளி அங்கே புகுந்து அடிப்பார். ஆகவே சதவீதத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்தக் கைகளுக்கு வரவு வித்தியாசம் பெரிது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடுக்கும் சீட்டுகளின் (உங்களிடம் இருப்பதால் எதிராளிக்குக் கிடைக்காதவை) எடையும் இங்கே கூடும். மூன்று இஸ்பேட் விழுந்த ஃபிளாப்பில் மிச்சம் ஆறு இஸ்பேட், ஃபிளஷ் கைகள் 15. உங்கள் கையில் ஒரு இஸ்பேட் இருந்தாலே அது 10 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு காலி. முழுக் கட்டில் 45 என்பது 36 ஆகும், ஐந்தில் ஒரு பங்குதான். ரிவரில் எதைக் கொண்டு பிளஃப் செய்வது (பலமில்லாமல் மிரட்டுவது) என்பதில் சால்வர் ஒற்றை இஸ்பேடைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

நிற அடையாளத்தை விலக்கிப் பார்த்தால் ஷார்ட் டெக்கில் வேறுபட்ட ஃபிளாப் 573. முழுக் கட்டில் 1,755. எல்லாவற்றையும் ஓட்ட வேண்டாம். ஜோடி விழுந்தது, ஒரே நிறம், அடுத்தடுத்த மூன்று, ஏஸ் உயரம், சிதறியது என்று வகைக்கு நாலைந்து எடுத்தால் ஒரு மாதத்துக்கு வேலை இருக்கும். ஓட்டுவதற்கு முன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் பார்த்தால் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் ஏமாற்றிவிடும்.

சால்வரின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வகை மென்பொருள் பெரும்பாலும் இருவர் மோதலைத்தான் தீர்க்கும். ஷார்ட் டெக்கில் லிம்ப் மலிவு என்பதால் நால்வர் ஃபிளாப் பார்ப்பது சாதாரணம். இருவருக்கான பதிலை நால்வர் பாட்டில் கொண்டுபோய்ப் பிளஃப் அடித்தால் யாரோ ஒருவரிடம் ஸ்ட்ரெய்ட் இருக்கும். இன்னொன்று, டெலிகிராமில் விற்கும் ‘ஆடும்போதே பதில் சொல்லும்’ செயலிகள். ஆட்டத்தின் நடுவே அப்படி உதவி எடுப்பது எந்த ஒழுங்கான தளத்திலும் மோசடிதான். ஏபிகே கோப்பாக வருவது உங்கள் போனிலிருந்து எதை எடுத்துப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

சரியாக ஆடினாலும் சறுக்கும் என்பதற்கும் அந்தப் பழைய கையே சாட்சி. 60.6 சதவீதம் வைத்திருப்பவர் அதே மோதலில் தொடர்ந்து மூன்று முறை இழப்பது, சமமாகப் பிரிவதை இழப்பாக எண்ணாவிட்டாலும், ஏறக்குறைய இருபதில் ஒரு முறை நடக்கும். அந்த மூன்றாவது தோல்விக்குப் பிறகு ரேஞ்சைத் திருத்த உட்காராதீர்கள். முதலில் கை வரிசைச் சோதனை, அடுத்து ஆன்ட்டிக் கணக்கு. இரண்டும் சரியென்றால் கோப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஃபிளாப்புக்குப் போங்கள்.