தோளில் இருக்கும் கிளியின் கண்ணை யார் பார்ப்பது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வளர்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் பால் குடிக்கிறானாம், வீட்டுப்பாடம் எழுதுகிறானாம். பறவைக் கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "தோள்ல ஏத்திப் பழக்காதீங்க. உசரத்துல உக்காந்தா அது தன்னை எசமான்னு நெனச்சுக்கும், அப்புறம் உங்க பேச்சக் கேக்காதுங்க" என்று சொல்லியிருக்கிறார். மாமியாரோ, "அம்மன் கையிலயே கிளி இருக்குது, தோள்ல இருந்தா என்ன, வீட்டுக்கு நல்லது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

கடைக்காரரின் முடிவு பாதி சரி. அவர் சொன்ன காரணம் முழுக்கத் தவறு.

உயரத்தில் உட்காரும் கிளி தலைவன், தாழ உட்காரும் கிளி தொண்டன் என்கிற ஏற்பாடு எதுவும் கிளிக் கூட்டங்களில் கிடையாது. பருந்துக்கும் பாம்புக்கும் பயந்த பறவை, தன்னைச் சுற்றி நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரும். கிளைகளில் மேலே மேலே ஏறிப்போவது அதன் காலுக்கு இயல்பு. மனிதத் தோள் அதற்கு அகலமான, சூடான, ஆடாத கிளை. பக்கத்திலேயே பேசுகிற ஒரு முகமும் இருக்கிறது. அதனால்தான் அங்கே போகிறது. நாய் வளர்ப்பிலும் இப்படி ஒரு கதை உண்டு. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதப்பட்ட ஆய்வை வைத்து மற்றவற்றை அடக்கி ஆளும் 'தலைமை ஓநாய்' ஒன்று கூட்டத்தில் உண்டு என்ற கருத்து உலகெங்கும் பரவியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் திருத்தினார். நாய்க்காரர்கள் அந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு வருகிறார்கள். கிளிக்காரர்களிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்படியென்றால் கடைக்காரர் எந்தப் பாதியில் சரி? அதைச் சொல்ல, கிளியின் கண்ணுக்குள் போக வேண்டும். பறவை உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த தசை அங்கேதான் இருக்கிறது.

நம் கண்ணில் நடுவே கறுப்பாகத் தெரிவது பாவை. அதைச் சுற்றியுள்ள நிற வளையம் ஐரிஸ். ஐரிஸுக்குள் வட்டமாக ஓடும் ஒரு தசை சுருக்குப்பையின் நாடாவைப் போலப் பாவையை இறுக்கிச் சிறிதாக்கும். ஆரம் ஆரமாக ஓடும் இன்னொரு தசை இழுத்துப் பெரிதாக்கும். இவ்வளவும் பத்தாம் வகுப்புப் பாடம். அந்தத் தசை என்ன வகை என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. நமக்கு அது மென்தசை, அதாவது குடலிலும் இரத்தக் குழாயிலும் இருக்கிற வகை. நாம் சொல்லி அது கேட்காது. 'பாவையே, சுருங்கு' என்று எவ்வளவு நினைத்தாலும் ஒன்றும் நடக்காது. வெளிச்சம் பட்டால், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழித்துத்தான் சுருங்கவே தொடங்கும்.

பறவைகளுக்கு அதே இடத்தில் பெரும்பாலும் வரித்தசை இருக்கிறது. நாம் கையை மடக்குவதும் பேனாவைப் பிடிப்பதும் வரித்தசையால்தான். வேகமாக இயங்கும், மூளை சொன்னபடி கேட்கும். இலை நிழலுக்குள்ளும் வெட்டவெளிக்குள்ளும் மாறிமாறிப் பறக்கிற உயிருக்கு இந்த வேகம் உதவும் என்பது ஒரு விளக்கம். ஆனால் வெளிச்சம் மாறாதபோதும் கிளியின் பாவை நடனமாடும். அறைக்குள் அதே விளக்கு, அதே நிழல். பிடித்த ஆள் உள்ளே வருகிறார். சாம்பல் கிளியின் வெளிர்மஞ்சள் ஐரிஸுக்கு நடுவே கறுப்புப் பாவை மிளகளவிலிருந்து கடுகளவாகச் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கும். கண்ணுக்கு முன்னால், சில நொடிகளில்.

இதை மருந்தை வைத்தே காட்டலாம் என்பதுதான் இதன் அழகு. கண் மருத்துவமனையில் நம் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். டிராபிகமைடு, அட்ரோபின் என்று பெயர் இருக்கும். நரம்பு நுனியிலிருந்து வருகிற அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருள் மென்தசையின் ஏற்பியில் போய் உட்காராமல் அவை மறித்துவிடும். நாடா தளரும், பாவை விரியும். அதே மருந்தைக் கிளியின் கண்ணில் விட்டால் பாவை விரிவதில்லை. வரித்தசையில் இருக்கும் ஏற்பி வேறு வகை, அந்தப் பூட்டுக்கு இந்த மருந்து பொருந்தாது. அப்படியானால் எது பொருந்தும்? தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் கொடிகளிலிருந்து காய்ச்சி அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சு! அடிபட்ட விலங்கின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கைகால்களையும் மூச்சையும் கட்டிப்போடும் நஞ்சு அது, ஏனென்றால் வரித்தசையில் இருக்கும் அந்த வகை ஏற்பியைத்தான் அது மறிக்கிறது. பறவையின் பாவையை அது விரித்துவிடும். இன்றைக்குப் பறவைக் கண்ணைச் சோதிக்கும் கால்நடை மருத்துவர்கள் அதே வேலையைச் செய்யும் ரோகுரோனியம் என்ற மருந்தைச் சொட்டாக விடுகிறார்கள். அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் நம் தசைகளைத் தளர்த்தக் கொடுப்பதும் இதே ரோகுரோனியம்தான். ஒரு கிளியின் கண்ணும் உங்கள் புஜமும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. பயமோ ஆசையோ மேலிட்டால் நம் பாவை விரியும். பறவைகளில் இது தலைகீழ். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவனத்தில் கியானினா உங்குரியன், நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் புறாக்களின் கண்களைப் படம்பிடித்து 2021இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆண் புறா பெண் புறாவைச் சுற்றிவந்து முனகிக் கொஞ்சும்போது அதன் பாவை சட்சட்டென்று சுருங்குகிறது. நமக்குக் கனவு வருகிற உறக்கநிலை எதுவோ, அந்த நிலையில் உறங்கும் புறாவுக்கும் பாவை அப்படியே துள்ளுகிறது. உறங்கும் புறாவுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க இது ஒரு சன்னலைத் திறந்துவிட்டது.

புறாவின் தூக்கத்துக்கு எதற்கு அரசாங்கப் பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். கோயம்புத்தூர் மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்திலேயே திருவிழாங்குன்னில் பறவை அறிவியலுக்கென்று ஒரு கல்லூரி இருக்கிறது. கோழிக்கும் முட்டைக்கும் ஆராய்ச்சிப் பணம் போவதில் எனக்கு வருத்தமில்லை, அது பல குடும்பங்களின் சோறு. ஆனால் நம் பனங்காட்டுப் பச்சைக்கிளி லண்டன் பூங்காக்களிலும் ஐரோப்பிய நகரங்களிலும் குடியேறிப் பெருகிய பிறகு அங்கே அதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். அந்தக் கிளியின் கண் எப்போது சுருங்கும் என்று அதன் சொந்த ஊரில் உட்கார்ந்து பார்க்க ஒரு மாணவருக்கு மூன்று வருட உதவித்தொகை கொடுத்தால் நாடு ஏழையாகிவிடாது.

இனித் தோளுக்கு வருவோம். பாவை துள்ளுவது மகிழ்ச்சியிலும் நடக்கும், கோபத்திலும் நடக்கும். கிளர்ச்சி என்பதை மட்டும் அது சொல்லும், எந்தக் கிளர்ச்சி என்று சொல்லாது. அதை உடம்பின் மற்ற இடங்களில் படிக்க வேண்டும். பிடரி இறகு சிலிர்த்து, வால் விசிறியாக விரிந்து, உடம்பு விறைத்து, தலை தாழ்ந்திருந்தால் அடுத்தது கொத்து. இறகு தளர்ந்து, ஒரு காலை மடக்கி, வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தால் பயமில்லை. அதாவது கிளி கடிப்பதற்கு முன்னால் ஏறக்குறைய எப்போதும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில், அது சொன்னதை யாரும் பார்த்திருக்கவில்லை.

தோளில் இருக்கும் கிளியை யார் பார்ப்பது? அது காதுக்குப் பக்கத்தில், நம் பார்வையின் ஓரத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஓரக்கண்ணில் ஏதோ சாம்பலாகத் தெரியுமே தவிர, பாவை தெரியாது. தலையைத் திருப்பினாலும் அது ஒரு சாணுக்கும் குறைவான தூரம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களின் கண்ணுக்கு அவ்வளவு அருகில் எதுவும் தெளியாது. குழந்தைகளின் கண் குவியும். ஆனால் பார்ப்பதற்காகத் திரும்புகிற அந்தச் செயலே உதட்டையும் இமையையும் அலகின் முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. காட்டில் கடினமான கொட்டைகளை உடைத்துத் தின்கிற அலகு அது. கிளிக்கோ கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் உங்கள் முகம் முழுவதும் எந்நேரமும் தெரிந்துகொண்டே இருக்கும். அது உங்களைப் படிக்கும், நீங்கள் அதைப் படிக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை ஆபத்து முழுவதும் இந்த ஒருவழிப் பார்வையில்தான் இருக்கிறது. கோபம் உங்கள் மேல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சன்னலுக்கு வெளியே ஒரு பருந்து, வாசலில் தெரியாத ஆள், குக்கர் விசில் என்று எதற்காவது மிரண்டால் பக்கத்தில் இருப்பதைக் கொத்தும். பக்கத்தில் இருப்பது காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இவற்றையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிரண்ட பறவை மேல்நோக்கித்தான் பறக்கும். நம் வீடுகளில் மேலே சீலிங் ஃபேன் ஓடுகிறது. கிளி வெளியே இருக்கும்போது ஃபேன் நிற்க வேண்டும், இதில் விவாதமே இல்லை. தோளில் கிளியோடு சமையலறைக்குள் போகக்கூடாது. தாளிக்கிற எண்ணெய் ஒரு பக்கம், அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை இன்னொரு பக்கம். அந்தப் புகை நமக்குச் சளிக்காய்ச்சல் போல வந்து போகும், பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கம்மலும் ஜிமிக்கியும் கிளிக்கு விளையாட்டுச் சாமான், மலிவான கவரிங் நகைகளில் உள்ள ஈயமும் துத்தநாகமும் அதற்கு விஷம். சாம்பல் கிளியின் இறகிலிருந்து எப்போதும் மாவு போன்ற தூள் உதிரும். மூக்கருகே அதை நாள்தோறும் இழுப்பது சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையில் கொண்டுபோய் விடும். காய்ந்த எச்சத்தூளின் வழியாக வரும் கிளிக்காய்ச்சல் 1929, 1930 ஆண்டுகளில் பல நாடுகளில் உயிர்களைப் பறித்தது. இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் 'வீட்டில் கிளி இருக்கிறது' என்று மருத்துவரிடம் நாம் சொன்னால்தான் அவருக்கு அந்த நினைவு வரும். ஆனி, ஆடியில் தோளில் கிளியோடு வாசலுக்கும் போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறகு வெட்டிய கிளியைக்கூட அது தூக்கிக்கொண்டு போய்விடும்.

மாமியாரின் வாதத்துக்கு ஒரு வார்த்தை. அம்மன் கைக்கிளியை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையின் பெயரால் நம் பச்சைக்கிளிகளுக்கு நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மொட்டைப் பனையின் பொந்துகளில் அவை குஞ்சு பொரிக்கும். கண் திறக்காத குஞ்சுகளை எடுத்து விற்கிறார்கள். இறகு வெட்டி ஒரு சாண் பெட்டியில் அடைத்துச் சீட்டு எடுக்க வைக்கிறார்கள். நெல்மணிக்காகச் சீட்டைக் கவ்வப் பழக்கப்பட்ட பறவைக்கு உங்கள் மகள் கல்யாணம் எப்போது என்று தெரியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சாம்பல் கிளி வெளிநாட்டுப் பறவை என்பதால் வளர்க்கலாம். ஆனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். வாசகி இதை இன்னும் செய்யவில்லையென்றால் முதல் வேலையாகச் செய்யட்டும்.

இனி அவர் கேட்டதற்கு நேரடியான பதில். மகனுக்குத் தோள் இப்போதைக்கு வேண்டாம். கையில் வைத்துக்கொள்ளட்டும், நெஞ்சு உயரத்தில், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. முழங்கையை உடம்போடு ஒட்டித் தாழ்த்தி, மணிக்கட்டை உயர்த்திப் பிடித்தால் கிளி கையிலேயே நிற்கும், ஏனென்றால் அது ஏறுவதற்குத்தான் பார்க்கும், அந்த நிலையில் இருப்பதிலேயே உயரமான இடம் கைதான். அங்கே இருக்கும்போது அதன் கண்ணைப் பார்க்கப் பழகட்டும். எதற்குப் பாவை சுருங்குகிறது, அப்போது பிடரி எப்படி இருக்கிறது, அடுத்து என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் தோளில் ஏற்றலாம். 'வா' என்றால் கைக்கு வருகிற, 'இறங்கு' என்றால் இறங்குகிற கிளியாக இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் அழைத்து ஏறியதாக இருக்க வேண்டும். எதிரே கண்ணாடி இருக்கும் இடத்தில் உட்காருங்கள், அதன் முகம் உங்களுக்கும் தெரியும். இறங்க மறுத்தால் கையை விட்டுத் துழாவாதீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள், உதறாதீர்கள். கூண்டின் மேலுள்ள குச்சிக்கோ நாற்காலி முதுகுக்கோ புறங்காட்டி நின்று தோளை அதற்குக் கீழே வரும்படி மெல்லத் தாழ்த்துங்கள். உயர்ந்த இடத்தைப் பார்த்ததும் அதுவே ஏறிப் போய்விடும்.